மண்ணடுக்கே கூறட்டும்!



ஓரினத்தின் நிலத்தைப் பறித்தவனை அவ்வினம் அடையாளங் கண்டுகொள்ளும். என்றேனும் ஒருநாள் எழுந்து கேட்கும். ஆனால் அதன் காலத்தைப் பறித்தவனை, பறிகொடுத்தோர் கண்டுகொள்வதே அரிது. அதற்குப் படையும் வேண்டா, சட்டமும் வேண்டா. ஒரு பட்டியலில் ஓர் எண்ணை மாற்றி எழுதினால் போதும். பள்ளிப் பிள்ளைகள் அவ்வெண்ணை உருப்போட்டு ஒப்பித்துத் தம் முன்னோரைத் தாமே பின்னோராக்கிக் கொள்வர். ஆகலின், தொல்லியலார் செய்யும் காலப்பகுப்பு, அறிஞர் சிலர் அறைக்குள் அமர்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளும் செய்தியன்று. அது நம் ஒவ்வொருவர் வீட்டுச் செய்தியுமாம். வையைக் கரையில் வாழும் நமக்கோ, அது வாயிற்படியிலேயே வந்து நிற்கும் செய்தி.

மதுரைக்குத் தென்கிழக்கே 12 கிலோமீட்டர் தொலைவில், கீழடியில், தென்னந்தோப்புகளினிடையே கிடந்த பள்ளிச்சந்தைத் திடலை உலகமே இன்று அறியும். நடுவணரசின் தொல்லியல் துறையைச் சேர்ந்த அமர்நாத் இராமகிருட்டிணனும் அவர்தம் குழுவினரும், தேனி முதல் இராமநாதபுரம் வரை வையையின் இருகரையும் நடந்து 293 தொல்லியல் இடங்களைக் கணக்கெடுத்து, அவற்றுள் ஒன்றாகிய கீழடியைத் தேர்ந்து 2014-15இல் அகழத் தொடங்கினர். இரண்டு பருவங்களில் செங்கற் கட்டடங்களும் உறைகிணறுகளும் எழுத்துப் பொறித்த பானையோடுகளும், பிறவுமாக ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்கள் வெளிப்பட்டன. 2017இல் அவர் அசாமுக்கு மாற்றப்பட்டார். 2018 முதல் தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை அப்பணியை ஏற்று நடத்திற்று. அவர் தம் ஈரண்டு அகழ்வின் அறிக்கையை, 982 பக்க அளவில், 2023 சனவரியில் தம் துறையின் தலைமையிடம் கையளித்தார். ஈராண்டுக்கு மேல் அது அச்சேறாமற் கிடந்தது. 2025 மே 21ஆம் நாள், அவ்வறிக்கையைத் திருத்தித் தருக என்று தலைமையிடமிருந்து மடல் வந்தது. திருத்துதற்கு இடமில்லை என்று அவர் மறுமொழி விடுத்தார். அடுத்த திங்களிலேயே மீண்டும் இடமாற்றம்.

அம்மடல் கேட்டது என்ன? அவற்றுள் முதன்மையானவை காலப்பகுப்பைப் பற்றியவை. அமர்நாத் கீழடியின் வாழ்வை மூன்று பகுதிகளாகப் பிரித்திருந்தார். கி.மு. 8ஆம் நூற்றாண்டு முதல் 5ஆம் நூற்றாண்டு வரை தொடக்க வரலாற்றுக்கு முந்திய நிலை, கி.மு. 5ஆம் நூற்றாண்டு முதல் முதலாம் நூற்றாண்டின் இறுதி வரை தொடக்க வரலாற்றின் முதிர்நிலை, அதன்பின் கி.பி. 3ஆம் நூற்றாண்டு வரை பின்னிலை. இம்மூன்று பகுதிகளின் பெயர்களையும் மாற்றி அமைக்க வேண்டும் என்பது ஒரு கட்டளை. முதற்பகுதிக்குத் தந்த காலம் பொருந்தாது, மிகுந்து போனால் கி.மு. 300க்கு முற்பட்டது என்னும் அளவோடு நிற்கலாம் என்பது மற்றொன்று. காலக் கணிப்புக்கு எடுத்த கூறுகளின் ஆழத்தை மட்டும் சொன்னாற் போதாது, அவை எந்த மண்ணடுக்கைச் சேர்ந்தவை என்பதும் குறிக்கப்பெறல் வேண்டும் என்பது பிறிதொன்று. இவற்றுள் எது அறிவுக்கு ஒத்தது, எது ஒவ்வாதது என்று நாம் ஆய்ந்து பார்த்தல் வேண்டும். வெகுளி மட்டும் விடையாகாது.

முதற்கண் காலப்பகுப்பு என்பது எப்படித் தோன்றியது என்று பார்ப்போம். தென்மார்க்கு நாட்டின் கோப்பனேகன் அருங்காட்சியகத்தில் குவிந்து கிடந்த பழம்பொருள்களை எவ்வாறு அடுக்கி வைப்பது என்று எண்ணிய தாம்சன் என்பார், கல், வெண்கலம், இரும்பு என மூன்றாகப் பிரித்தார். 1836இல் வெளிவந்த அவ்வருங்காட்சியகத்தின் வழிகாட்டி நூல் அம்முறையை உலகறியச் செய்தது. அது அவர் நாட்டுப் பொருள்களுக்கு நன்றாகப் பொருந்திய முறையே. ஆயின், ஒரு நாட்டின் பேழையில் பொருள்களை அடுக்கி வைக்க எழுந்த முறை, நாளடைவில் எல்லா நாடுகளும் ஏறியாக வேண்டிய ஏணியாகிவிட்டது. கல்லிலிருந்து வெண்கலத்துக்கு ஏறாமல் இரும்புக்கு வந்த இனம் ஏதோ குறையுடையது என்னும் எண்ணமும் அதனோடு கூடவே வளர்ந்தது.

தமிழகத்தின் நிலை என்ன? நம் மண்ணில் புதிய கற்காலத்துக்கு மேல் வருவது வெண்கலக் காலம் அன்று, இரும்புக் காலமே. வெண்கலம் நம்மவர்க்குத் தெரியாததன்று. ஆதிச்சநல்லூர்த் தாழிகளில் அழகிய வெண்கலக் கலங்களும் பொன்பட்டங்களும் கிடைத்துள்ளன. ஆயினும் அவை இரும்புக் கருவிகளோடு ஒருங்கே கிடைத்தனவேயன்றி, இரும்புக்கு முந்திய தனியொரு காலத்தைக் காட்டவில்லை. இரும்புக் கனிமம் மலைச்சாரல்தொறும் நிறைந்து, செம்பு அரிதாயிருந்த நிலத்தில் மாந்தன் இரும்பையே முதலில் பெரிதும் ஆண்டான் என்பதில் வியப்பென்ன? ஏணியின் நடுப்படி இங்கில்லை என்றால், அது ஏணியின் குறையே, மண்ணின் குறையன்று.

இனி, நம் இரும்புக் காலத்துக்கு எண் இட்டவர்களின் கதையைக் கேண்மின். 1945இல் மார்ட்டிமர் வீலர் புதுவைக்கருகே அரிக்கமேட்டை அகழ்ந்தார். இத்தாலிய முத்திரை மட்கலங்கள் அங்குக் கிடைத்தன. அவற்றின் காலம் உரோமர் வரலாற்றால் அறியப்பட்டது, கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பாதி. அவற்றோடு கிடந்த சக்கரச் சுழிக்கோடுகள் உடைய ஒருவகை மட்கலத்துக்கும் அதனால் ஏறத்தாழ அதே காலம் கிட்டியது. 1947இல் அவர் கருநாடகத்துப் பிரமகிரியை அகழ்ந்தபோது, அவ்வகை மட்கலம் மேலடுக்கில் இருந்தது; அதன்கீழ்ப் பெருங்கற்படைக் கல்லறைகளுக்குரிய அடுக்கு; அதன்கீழ்க் கற்கோடரி மாந்தரின் அடுக்கு. மேலடுக்கின் காலத்திலிருந்து கீழ்நோக்கிக் கணக்கிட்டு, பெருங்கற்படைக் காலம் கி.மு. 200இல் தொடங்கியது என்று அவர் வரையறுத்தார். கற்கோடரி மாந்தர் கி.மு. 200 வரை அங்கு வாழ்ந்தனர் என்பது அதன் முடிவு. அதாவது, அசோகன் வடக்கே கல்லில் எழுத்துப் பொறித்தபோது, தெற்கே கல்லைத் தீட்டிக்கொண்டிருந்தார்களாம்!

வீலரை நாம் பழிக்கவில்லை. அடுக்கடுக்காக மண்ணைப் பிரித்துப் பார்க்கும் முறையை இந்நாட்டுக்குக் கற்பித்த ஆசான்மாருள் அவர் முதன்மையானவர். அவர் கையில் அன்றிருந்த ஒரே கடிகாரம் உரோமர் மட்கலந்தான். ஆனால் அவர் கணக்கு, கணக்கு என்னும் நிலையிலிருந்து நம்பிக்கை என்னும் நிலைக்கு உயர்த்தப்பட்டதே தீங்காயிற்று. 1949இல் அமெரிக்க அறிஞர் இலிப்பி கரிமக் கதிர்வழிக் காலக்கணிப்பை உலகுக்குத் தந்தார். உயிர் நீங்கிய மரத்திலும் கூலத்திலும் உள்ள கதிரியக்கக் கரிமம் 5730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். எஞ்சியதை அளந்தால் அவ்வுயிர் நீங்கிய காலம் தெரியும். அம்முறையால், 1965இல் அகழப்பெற்ற கருநாடகத்து அல்லூரின் இரும்புக்காலத் தொடக்க அடுக்கு ஆராயப்பட்டபோது, ஏறத்தாழக் கி.மு. 1000 என்று விடை வந்தது. வீலர் கி.மு. 200 என்ற இடத்தில் எண்ணூறு ஆண்டு முன்னே போயிற்று தெற்கின் இரும்பு! எவரும் மேடையேறி முழங்கியதால் அது போகவில்லை. ஒரு கரித்துண்டு பேசியதால் போயிற்று.

அடுத்து, அந்தக் கி.மு. 300 என்னும் எல்லைக்கோடு எங்கிருந்து வந்தது? அசோகன் கல்வெட்டுகள் கி.மு. 3ஆம் நூற்றாண்டின. எழுத்து வடக்கிலிருந்து தெற்கே வந்தது என்று கொண்டால், தமிழி எழுத்து அதற்குப் பிற்பட்டதாதல் வேண்டும். மாங்குளத்துக் குகைக் கல்வெட்டுகளுக்கு ஐராவதம் மகாதேவன் தந்த காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டு. வரலாறு எழுத்தோடு தொடங்குகின்றது என்பது பொது வழக்கு. ஆதலின் தமிழகத்தின் வரலாற்றுக் காலம் கி.மு. 300க்கு முன் தொடங்கவொண்ணாது என்பது எழுதப்படாத சட்டமாயிற்று. இம்முடிவுக்கும் சான்று இருந்தது, ஆனால் அச்சான்று கல்வெட்டின் எழுத்து வடிவத்தை ஒப்புநோக்கிப் பெற்றது, மண்ணடுக்கிலிருந்து பெற்றதன்று.

மண்ணடுக்கு என்ன சொல்லிற்று? பழனிக்கருகே பொருந்தலில், புதுவைப் பல்கலைக்கழகத்தின் கா. இராசன் 2009-10இல் அகழ்ந்த கல்லறையொன்றில், எழுத்துப் பொறித்த கலத்தோடு நெல்லும் இருந்தது. அந்நெல்லின் காலம் கி.மு. 490 என்று கணிக்கப்பெற்றது. கடல்கடந்து இலங்கையில் அனுராதபுரத்தில், எழுத்துப் பொறித்த ஓடுகள் கி.மு. 4ஆம் நூற்றாண்டளவிலான அடுக்குகளில் கிடைத்தன என்று அங்கு அகழ்ந்த கோனிங்காம் முதலியோர் 1996இல் எழுதினர். பின்னர்க் கீழடி. 2019இல் தமிழ்நாட்டரசுத் தொல்லியல் துறை, 353 சென்றிமீட்டர் ஆழத்துக் கரியின் காலம் கி.மு. 580 என்றும், 200 சென்றிமீட்டர் ஆழத்துக் கரியின் காலம் கி.மு. 205 என்றும் அமெரிக்க ஆய்வகத்தின் முடிவை வெளியிட்டது. எழுத்துப் பொறித்த ஓடுகள் 56 அவ்வகழ்விற் கிடைத்தன. ஒன்றன்மேல் ஒன்றாக வரும் இச்சான்றுகள் அந்தக் கி.மு. 300 என்னும் கோட்டைத் தொடர்ந்து கீழிருந்து இடித்துக்கொண்டே இருக்கின்றன. இடிபடும் கோட்டையே 2025இல் ஒரு மடல் மீண்டும் அளவுகோலாகக் கையில் எடுத்திருக்கின்றது.

இங்கு ஒரு நுணுக்கத்தை நம்மவர் தெளிந்து கொள்ளல் வேண்டும். கரிமக் கணிப்பு தரும் எண்ணை அப்படியே ஆண்டாகக் கொள்ளுதல் கூடாது. மரங்களின் ஆண்டு வளையங்களைக் கொண்டு வரைந்த ஒரு கோட்டோடு அதனைப் பொருத்திப் பார்த்தே ஆண்டு காண்பர். அக்கோடு கி.மு. 800க்கும் 400க்கும் இடையே ஏறாமல் இறங்காமல் பெரும்பாலும் தட்டையாகக் கிடக்கின்றது. அக்கரணியத்தால், அந்நானூறு ஆண்டுகளுக்குள் எங்கு இறந்த மரமாயினும் ஏறத்தாழ ஒரே எண்ணைத் தரும். கி.மு. 8ஆம் நூற்றாண்டா, 6ஆம் நூற்றாண்டா, 5ஆம் நூற்றாண்டா என்று ஒரே ஒரு கரித்துண்டைக் கொண்டு அறுதியிட முடியாது. உலகமெங்குமுள்ள தொல்லியலார் இம்மூடுபனியில் இடர்ப்படுகின்றனர். ஆகவே, கீழடியின் முதற்பகுதி 8ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியது என்பதற்கு மேன்மேலும் சான்று கேட்பது முறையே. ஆனால் இதனையும் எண்ணிப் பாருங்கள்: அம்மூடுபனி முழுவதும் கி.மு. 400க்கு அப்பால்தான் கவிந்திருக்கின்றது. அதற்குள் விழுந்த கரித்துண்டு 8ஆம் நூற்றாண்டினதாக இருக்கலாம், 5ஆம் நூற்றாண்டினதாகவும் இருக்கலாம். 300ஐ ஒட்டியதாக இருத்தல் இயலாது. ஐயத்தின் பயன் எப்பக்கம் சாய்ந்தாலும் கி.மு. 300க்குச் சாயாது. அப்படியிருக்க, அவ்வெண்ணைத் தலைமையிடம் எந்த மண்ணடுக்கிலிருந்து எடுத்தது? அகழ்ந்தவரிடம் அடுக்கெண் கேட்பவர், தாம் கூறும் எண்ணுக்கும் அடுக்கெண் காட்டல் வேண்டாவா?

அடுக்கெண் கேட்பதே தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. அக்கேள்வி சரியான கேள்வி. ஆழம் வேறு, அடுக்கு வேறு. பழங்காலத்தில் ஒருவன் குப்பைக்குழி வெட்டியிருந்தால், பிற்காலத்துப் பொருள் முற்காலத்து ஆழத்தில் போய்க் கிடக்கும். எலி வளையும் மரவேரும் அவ்வாறே செய்யும். 580 என்னும் எண் 353 சென்றிமீட்டரில் கிடந்த அக்கரித்துண்டுக்கு உரியது. கீழடியில் கிடைத்த ஒவ்வோர் எழுத்தோட்டுக்கும் அது தானே உரியதாகிவிடாது. எந்தக் குழியில், எந்த அடுக்கில், எந்தக் கரிக்கு அருகில் எந்த ஓடு கிடந்தது என்று ஒவ்வொன்றுக்கும் காட்டினால்தான் நம் வழக்கு அசையாது நிற்கும். அக்கணக்கெல்லாம் அகழ்ந்தவர் அறிக்கையிலும் குறிப்பேடுகளிலும் வரைபடங்களிலும் இருக்க வேண்டியவை. அறிக்கையை அச்சிடாமல் வைத்துக்கொண்டு அடுக்கெண் எங்கே என்று கேட்பது, கணக்கேட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு கணக்குக் கேட்பது போன்றதாம்.

இத்தகைய வழக்கு நமக்கு மட்டும் உரியது என்று எண்ணற்க. கீழ்த்திசையில் கொரிய மக்களும் இதே தீயில் வெந்தவர்களே. 1910 முதல் 1945 வரை அவர்கள் நாட்டை அடிமைப்படுத்தியிருந்த சப்பானியரின் அறிஞர்கள், கொரியாவுக்குத் தனி வெண்கலக் காலம் இல்லை என்றனர். கற்கருவியோடு வாழ்ந்தவர்களிடம் சீனத்திலிருந்து மாழை வந்து சேர்ந்தது. ஆகவே கல்லும் மாழையும் கலந்த ஒரு காலமே அங்கிருந்தது என்று பெயரிட்டனர். தாமாக வளர முடியாதவர்கள், பிறர் வந்து வளர்க்க வேண்டியவர்கள் என்னும் அரசியற் கருத்து அப்பெயருக்குள் ஒளிந்திருந்தது. 1945இல் விடுதலை பெற்றபின், வடகொரியரும் தென்கொரியரும் தாமே அகழ்ந்தனர். 1974இல் சொங்குக்ரி என்னுமிடத்துக் கற்பேழைக் கல்லறையில் பழைமையான வெண்கலக் குத்துவாள் வெளிப்பட்டது. இன்று கொரிய வெண்கலக் காலத்தின் தொடக்கத்தைக் கி.மு. 1500ஐ ஒட்டியே பலர் வைக்கின்றனர். அடிமைக்காலத்துப் பெயர் ஏடுகளிலிருந்து நீங்கிற்று.

அவர்கள் பெயரிட்ட முறையும் நாம் கருதத்தக்கது. வெண்கலக் காலத்தின் முற்பகுதியில் வெண்கலமே அரிதாயிருந்ததால், மாழையின் பெயரோடு நில்லாமல், அம்மக்கள் வனைந்த அணியில்லாத எளிய மட்கலத்தின் பெயரால் அக்காலத்தை வழங்கினர். மட்கல வகைகளின் வரிசையால் அதனை உட்பிரித்தனர். ஏறத்தாழக் கி.மு. 300இலிருந்து தொடக்க இரும்புக்காலம் என்றனர். அதற்கடுத்து ஒரு சிக்கல் எழுந்தது. கொகூரியோ, பேக்சே, சில்லா என்னும் மூவரசுகள் கி.மு. முதல் நூற்றாண்டிலேயே தோன்றின என்று 1145இல் தொகுத்த அவர்தம் பழைய வரலாற்று நூல் கூறும். ஆனால் மண்ணிலோ, முழுநிறை அரசுகளுக்குரிய பெருங்கல்லறைகளும் கோட்டைகளும் கி.பி. 300ஐ ஒட்டியே தெளிவாகத் தெரிகின்றன. நூலையும் தள்ளாமல் மண்ணையும் மறுக்காமல், கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளுக்கு மூவரசு முகிழ்ப்புக் காலம் என்னும் பொருள்படக் கிம் வோன்யோங் என்னும் அறிஞர் 1970களில் பெயரிட்டார். அப்பெயர் பொருந்தாது, அக்காலத்து மூன்று குடிக்கூட்டங்களின் பெயரே வேண்டும் என்று அவர் நாட்டு அறிஞரே எதிர்த்தனர். அவ்வுறழாட்டு அச்சேறிய அறிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு அறிஞர்களுக்குள்ளேயே நடந்தது. மூவேந்தரைப் பாடிய இலக்கியத்தையும் மூவேந்தர் மண்ணையும் ஒருசேரக் கையில் வைத்திருக்கும் நமக்கு, இதனினும் பொருத்தமான பாடம் வேறுண்டோ?

அந்நாட்டிலேயே மற்றொரு பாடமும் உண்டு. 1993இல் வடகொரிய அரசு, தம் இனத்தின் முதல் மன்னனாகப் பழங்கதை கூறும் தாங்குனின் கல்லறையைக் கண்டுவிட்டதாக அறிவித்தது. எலும்புகளின் அகவை 5011 ஆண்டு என்றது. கல்லறையைப் பெரிதாகக் கட்டியெழுப்பியது. ஆனால் கல்லறையின் அமைப்போ மிகப் பிற்பட்ட கொகூரியோக் காலத்தது. பிற நாட்டு அறிஞர் எவரும் சோதித்துப் பார்க்க எலும்பு அவர்கள் கைக்குத் தரப்படவில்லை, உலகம் நம்பவில்லை. பகைவன் குறைத்த காலத்தை மீட்டது அகழ்வு. தாமே கூட்டிய காலமோ தம் இனத்தின் மெய்யான தொன்மைக்கும் ஐயத்தைத் தேடித் தந்தது.

இதனை ஏன் விரித்துரைக்கின்றோம்? நம் மேடைகளிலும் சிலர், கீழடி பத்தாயிரம் ஆண்டு, இருபதாயிரம் ஆண்டு என்று வாய்க்கு வந்தபடி கூறக் கேட்கின்றோம். அவர்தம் ஆர்வத்தை நாம் அறிவோம். ஆனால் அவ்வாறு கூறுவோர், நம் காலத்தைக் குறைப்போர்க்கு நாள்தோறும் படைக்கலம் வடித்துத் தருகின்றனர் என்பதை உணர்தல் வேண்டும். 580ஐ 300 என்பவனும், 580ஐப் பத்தாயிரம் என்பவனும் ஒன்றில் ஒத்தவர்கள்: இருவரும் மண்ணைக் கேளாதவர்கள்.

2025 சனவரி 23ஆம் நாள் தமிழ்நாட்டு முதலமைச்சர் வெளியிட்ட, கா. இராசன், இரா. சிவானந்தம் ஆகியோர் எழுதிய இரும்பின் தொன்மை பற்றிய நூலையும் இக்கண் கொண்டே நோக்குக. கிருட்டிணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பு கி.மு. 2172 என்று 2022இல் அறிந்தோம். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் தாழியொன்றிலிருந்த கரி கி.மு. 3345 வரை செல்கின்றது என்று இந்நூல் கூறுகின்றது. அமெரிக்க ஆய்வகம், இலக்னோ ஆய்வகம், அகமதாபாத்து ஆய்வகம் என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கூறுகள் சோதிக்கப்பெற்றுள்ளன. வடக்கே மல்கார் முதலிய இடங்களில் இரும்பு கி.மு. 1800 அளவினது என்று முன்பே கண்டிருந்தனர். சிவகளையின் எண் நிலைபெறுமாயின், உலக இரும்பின் வரலாறே திருத்தி எழுதப்பெறும். அத்துணைப் பெரிய எண்ணாதலின், அத்துணைப் பெரிய காப்பும் அதற்கு வேண்டும். அதே சிவகளையில் மற்றொரு தாழியின் நெல், கி.மு. 1155 என்று 2021இல் அறிவிக்கப்பெற்றது. ஓர் ஊரின் தாழிக்காட்டிலேயே ஈராயிரம் ஆண்டு இடைவெளி! ஆகலின் ஒவ்வொரு தாழியையும் தனித்தனியே ஆய வேண்டும். கரி முதிர்ந்த மரத்தின் உள்வயிரமா, இளங்கொம்பா என்று காண வேண்டும். இரும்பை உருக்கிய உலைக்களங்களைத் தேடி அகழ்ந்து, உலைக்கரியையே சோதிக்க வேண்டும். அவ்வாறு செய்து பெறும் எண் எதுவாயினும் அதனை எவனும் அசைக்க முடியாது.

இனிப் பெயர்களைப் பற்றி ஒரு சொல். பெருங்கற்படைக் காலம் என்பது கல்லறையின் பெயர். இரும்புக்காலம் என்பது கருவியின் பெயர். தொடக்க வரலாற்றுக் காலம் என்பது எழுத்தைக் கொண்டு இட்ட பெயர். கழகக்காலம் என்பது இலக்கியத்தின் பெயர். நான்கு வேறு அளவுகோல்களால் ஒரே மக்களின் தொடர்ந்த வாழ்வை வெட்டுகின்றோம். கொடுமணலில் என்ன காண்கின்றோம்? கறுப்பு சிவப்பு மட்கலத்தின்மேல் குறியீடும் தமிழி எழுத்தும் உள்ளன. பக்கத்தில் இரும்பு உருக்கிய உலை. ஊரையொட்டிப் பெருங்கற் கல்லறைகள். இவர்கள் இரும்புக்காலத்தவரா, வரலாற்றுக் காலத்தவரா? இரண்டுமே. ஆகவே தமிழகக் காலப்பகுப்புக்கு அடிப்படையாக, இங்குள்ள மட்கலங்களின் வரிசையையும், குறியீடு எழுத்தாகும் நிலையையும், உழவும் உருக்குத் தொழிலும் வளர்ந்த படிகளையும் ஊர்தோறும் கண்டு அடுக்குதல் வேண்டும். வையைக்கு ஒன்று, பொருநைக்கு ஒன்று, கொங்குக்கு ஒன்று என அடுக்கு வரிசைகள் முதலில் அமையட்டும். அவற்றை ஒப்பிட்ட பின்னரே பொதுப்பெயர் இடுதல் தகும். கங்கைக் கரையின் பெயர்ப்பட்டியலை வையைக் கரைமேல் கவிழ்த்தலும் கூடாது. இலக்கியத்தின் பெயரை அடுக்கின்மேல் முன்கூட்டியே ஒட்டிவிடலும் கூடாது.

எனவே நாம் வலியுறுத்துவன இவை. அகழ்ந்தவர் எழுதிய அறிக்கை அவர் எழுதியவாறே வெளிவருதல் வேண்டும். அதனை மறுக்கும் அறிஞர் தம் பெயரிட்டுத் தம் சான்றோடு எழுதட்டும். அதுவும் அருகருகே அச்சேறட்டும். கையொப்பமிட்ட மறுப்பு அறிவின் வழி; அலுவலக மடல்வழித் திருத்தம் அடக்குமுறையின் வழி. அகழ்ந்தவரை அகழ்வு முடியுமுன்னும், எழுதியவரை அச்சேறுமுன்னும் இடம் மாற்றும் வழக்கம் ஒழிதல் வேண்டும். 1899 முதல் இரே என்பார் அகழ்ந்த ஆதிச்சநல்லூரை நடுவண் துறை மீண்டும் 2004-05இல் அகழ்ந்தது. அதன் கரிமக் காலம் கி.மு. 905, 696 என்பதனை நாம் அறிய 2019 வரை காத்திருந்தோம். அதுவும் மதுரை உயர்வழக்கு மன்றக் கிளையில் வழக்காடிய பின்னரே. அகழ்வு முடிந்து குறித்த ஆண்டுகளுக்குள் அறிக்கை வெளிவர வேண்டுமென்று இரண்டு அரசுகளுமே தமக்குத் தாமே விதி வகுத்துக்கொள்ளல் வேண்டும். தமிழ்நாட்டரசுத் துறையும் தன் எல்லா அகழ்வுகளுக்கும் அடுக்கு வரைபடங்களையும் ஆய்வக முடிவுத்தாள்களையும் முழுமையாகத் தமிழில் வெளியிடல் வேண்டும். பிறரைக் கேட்கும் ஒன்றை நாம் முதலிற் செய்து காட்டுவோம்.

தமிழ் நெஞ்சங்களே! அரசுகளைக் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. கணக்கெடுத்த 293 இடங்களுள் அகழப்பெற்றவை விரல்விட்டு எண்ணத்தக்கன. எஞ்சியவை நம் ஊர்களின் புறத்தே மேடுகளாகக் கிடக்கின்றன. அனுப்பானடியும் பரவையும் தாழிக்காடுகளாக அறியப்பட்ட ஊர்கள். இன்று அவற்றை வீடுகள் சூழ்ந்துவிட்டன. திருநகரிலிருந்து நோக்கினால் கண்ணுக்குத் தெரியும் பரங்குன்றிலும் சமணமலைத் தொடரிலும் தமிழி எழுத்துகள் உள்ளன. அவற்றைப் பொறித்தவர்கள் எங்கு வாழ்ந்தனர், எங்குப் புதைந்தனர் என்பதை அம்மலையடிவாரத்து மண்தான் சொல்ல முடியும். மனைக்கென்று மேட்டைச் சமனாக்கும் பொறி ஒரே நாளில் மூவாயிரம் ஆண்டு அடுக்கைக் கலந்துவிடும். கலந்த மண்ணிலிருந்து பொருள் கிடைக்கும், காலம் கிடைக்காது. நம் காலத்தைக் குறைக்கும் மடலுக்குச் சினந்து எழுகின்ற நாம், நம் காலத்தையே அழிக்கும் மண்வெட்டியைப் பார்த்து வாளா இருத்தல் தகுமோ?

ஆகவே, உங்கள் ஊரில் உழும்போதும் கிணறு வெட்டும்போதும் தாழியோ கறுப்பு சிவப்பு ஓடோ இரும்புக் கசடோ தென்பட்டால், அதனை எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். எடுத்த நொடியிலேயே அது தன் அடுக்கை இழந்து ஊமையாகிவிடும். இருந்த இடத்திலேயே விட்டு, வட்டாட்சியர்க்கும் தொல்லியல் துறைக்கும் எழுதித் தெரிவியுங்கள். மேட்டை வெட்டாமற் காக்க ஊரைக் கூட்டுங்கள். ஆசிரியர்கள் தம் மாணவர்களை அழைத்துச் சென்று, மண்ணடுக்கு என்றால் என்னவென்று கீழடியிலேயே காட்டுங்கள். எண்ணை உருப்போடும் பிள்ளையை எளிதில் ஏமாற்றலாம். அடுக்கைக் கண்ணாற் கண்ட பிள்ளையை ஒருவனும் ஏமாற்ற முடியாது.

நமக்குக் கூட்டிச் சொல்ல வேண்டிய தேவையில்லை. குறைத்துச் சொல்ல எவர்க்கும் உரிமையில்லை. தில்லியும் மேடையும் சற்றே வாய்மூடி நிற்கட்டும். மண்ணடுக்கே கூறட்டும்! அது கூறுவதைக் கேட்டு எழுத நம் அறிஞர்க்கும், எழுதியதை அச்சிட நம் அரசுகளுக்கும், அச்சிட்டதைப் படித்துத் தெளிய நம் மக்களுக்கும் துணிவு உண்டாகுக!